ஏழு மாடி ஹோட்டல்

மழை பிடித்துக்கொண்டால் லாண்டரிக்காரர் வீட்டில் அடுப்பைவிட பாய்லர்தான் அதிகம் எரியும். வெயில் நாளில் மாடிக் கொடியில் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடுகிற துணியெல்லாம் கீழே இறங்கி, கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற நீள அறையில் குறுக்கும் நெடுக்குமாகத் தொங்கும். சாப்பாட்டு மேசைக்குப் போக வேண்டுமென்றால் யாரோ ஒருத்தருடைய பேன்ட்டை விலக்கிக்கொண்டுதான் போக வேண்டும். ஈரத் துணி, சோப்பு, கஞ்சி, சூடான இரும்பு எல்லாம் கலந்து அந்த அறைக்கென்று ஒரு வாடை உண்டு. வெளியாள் கொஞ்ச நேரம் நின்றால் தலை சுற்றும். அந்த வீட்டுக்காரர்களுக்கு அது தெரியவே தெரியாது.

அந்த வருஷம் மழையோடு இன்னொரு தலைவலியும் சேர்ந்துகொண்டது. அவர்களுடைய ஒரே மகள் பட்டாளத்தில் சேர மனுப் போட்டிருந்தாள். விடிகிற நேரத்தில் தெருவைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறவள் என்பதால் தெரு அவளுக்கு ஓட்டக்காரி என்று பெயர் வைத்திருந்தது. ஓட்டத்தில் தேறினாள், எழுத்தில் தேறினாள், டாக்டர் பார்த்துவிட்டு உடம்பில் ஒரு குறையும் இல்லை என்றார். தகவல் தொடர்புப் பிரிவுக்கு என்று குறித்தும் வைத்தார்கள். அவளோடு தேறிய பிள்ளைகள் எல்லாம் பெட்டி கட்டிப் பயிற்சிக்குப் போய், ஒட்ட வெட்டிய தலையோடு போட்டோவும் அனுப்பியாயிற்று. இவள் மட்டும் இன்னும் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று தலையணை உறை தேய்த்துக்கொண்டிருந்தாள்.

காரணம், இரண்டாம் வகுப்பிலிருந்து பள்ளிப் படிப்பு முடிகிற வரை அவள் வளர்ந்தது வேறொரு நாட்டில். அப்பாவுக்கு அங்கே வேலை. அப்படி வெளியே இருந்துவிட்டு வந்தவர்களைப் பட்டாளம் சும்மா உள்ளே விடுவதில்லை. எங்கே குடியிருந்தாய், யாரோடு பழகினாய், உன் அப்பா யாரிடம் சம்பளம் வாங்கினார், இப்போதும் அங்கே யாரோடாவது பேச்சுவார்த்தை உண்டா என்று அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் குடைந்து எடுத்தார்கள். அதோடும் விடவில்லை. அவள் சொன்னதெல்லாம் சரிதானா என்று வீட்டிலும் தெருவிலும் கேட்க ஒரு ஆள் வருவார் என்றார்கள். ஓட்டத்தில் தோற்றால் அடுத்த வருஷம் ஓடலாம். இந்த விசாரணையில் விழுந்தவர்கள் மறுபடி மனுப் போட முடியாது. விழுந்தால் விழுந்ததுதான்.

அம்மா பயந்தது இங்கேதான். லாண்டரிக்காரர் அங்கே வேலை பார்த்தது அந்த நாட்டுப் பட்டாள முகாமுக்குள்ளே இருந்த லாண்டரியில். காலையில் கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு முகாம் வாசலில் சோதனை கொடுத்து உள்ளே போவார். நாள் முழுக்க அந்தச் சிப்பாய்களுடைய சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்ப்பார். சாயங்காலம் மறுபடி சோதனை கொடுத்து வெளியே வருவார். அவ்வளவுதான் கதை. ஆனால் அந்த அம்மாள் மனசில் அது பூதமாக வளர்ந்து நின்றது. இந்த விஷயம் தெரிந்தால் மகளை உளவாளி என்றே முடிவு கட்டிவிடுவார்கள் என்று நினைத்தாள்.

மகள் அந்த விசாரணையில் என்ன சொல்லிவிட்டு வந்தாள் என்பதாவது தெரிந்தால் மனசு ஆறும். அதுவும் இல்லை. இங்கே பேசியதை வீட்டில்கூடப் பேசக் கூடாது என்று அங்கே சொல்லியிருந்தார்கள். மற்ற பிள்ளைகள் வாசல் தாண்டுவதற்குள் அம்மாவுக்குப் போன் போட்டிருப்பார்கள். இவள் அந்த ரகம் இல்லை. சின்ன வயசில் இவளிடம் ஒரு பொருளைக் கொடுத்து யாருக்கும் கொடுக்காதே என்றால், கொடுத்தவரே திரும்பி வந்து கேட்டாலும் யோசித்துத்தான் கொடுப்பாள். அம்மா எத்தனை விதமாகக் கேட்டாலும், “சொல்லக் கூடாதும்மா” என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஆகவே அம்மா தானாகவே ஒரு ஏற்பாடு செய்தாள். கணவர் வேலை பார்த்தது ஹோட்டல் லாண்டரியில் என்று தெருவே சொல்லிவிட்டால் தீர்ந்தது. வெறும் ஹோட்டல் என்றால் நம்ப மாட்டார்கள். அதனால் அதற்கு ஏழு மாடி கட்டினாள்.

முதலில் போனது எதிர்க்கடைத் தையல்காரரிடம். அவர் ஒரு கோட்டின் உள்துணியைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, என்னை உங்க கூடப் பொறந்தவளா நினைச்சு ஒரு உதவி பண்ணணும்.”

“நீ கேட்டு என்னைக்கும்மா இல்லன்னு சொன்னேன்? சட்டையை மட்டும் நாளைக்குக் கேக்காதே.”

“விசாரிக்க ஆள் வருவாங்க. எங்க வீட்டுக்காரர் அங்க எங்க வேலை பார்த்தார்னு கேப்பாங்க. ஹோட்டல்னு சொல்லணும்.”

“லாண்டரின்னு இல்ல சொன்னாரு?”

“ஹோட்டல் லாண்டரிண்ணே. பெரிய ஹோட்டல். ஏழு மாடி.”

தையல்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “ஏழு மாடியா? மனுஷன் ஒரு நாள்கூட வாயைத் திறக்கலையே.”

“அவரு எதுக்குத்தான் வாயைத் திறந்திருக்காரு? குழந்தை பொறந்த அன்னைக்கே ‘பொண்ணு’ன்னு ஒரு வார்த்தைதான் சொன்னாரு, அதுவும் நான் கேட்டதால.”

“ஹோட்டலுக்குப் பேரு?”

அந்த இடத்தை அவள் யோசித்திருக்கவில்லை. “பேரெல்லாம் எதுக்குண்ணே? கேட்டா மறந்துபோச்சுன்னு சொல்லுங்க. அந்த ஊர்ப் பேரெல்லாம் நம்ம நாக்குல எங்க நிக்குது?”

திரும்பினால், ஜிப் மாற்ற வேண்டிய பேன்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு மகள் வாசலில் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. பேன்ட்டைத் தையல்காரரிடம் கொடுத்துவிட்டு அம்மாவுக்குக் குடை பிடித்தாள். தங்கள் கடை வாசலுக்கு வந்ததும் நின்றாள்.

“அம்மா, இது வேண்டாம்.”

“எது?”

“தெருவையே பொய் சொல்ல வைக்கறது. இருந்ததை இருந்தபடி சொல்லட்டும்.”

“சொன்னா? அந்த நாட்டுப் பட்டாளத்துக்குச் சட்டை துவைச்ச வீட்டுப் பொண்ணை இந்த நாட்டுப் பட்டாளம் வாடி ராசாத்தின்னு கூப்பிட்டுக்குமா?”

“அப்பா துவைச்சது சட்டைதானேம்மா. பீரங்கியா துவைச்சாரு?”

“உனக்கு எல்லாம் விளையாட்டு. அப்போ நீ அங்க போய் என்ன சொன்னே? அதையாவது சொல்லு. நானும் அதையே சொல்லிட்டுப் போறேன்.”

மகள் குடையை மடக்கினாள். வாய் வரை வந்ததை மென்று முழுங்கினாள்.

“சொல்லக் கூடாதும்மா.”

“அப்போ வாயை மூடிக்கிட்டு ஓடுற வேலையைப் பாரு. மத்ததை நான் பார்த்துக்கறேன்.”

மகளுக்கு அன்று வேலையில் மனசு நிற்கவில்லை. ஒரு பள்ளிக்கூடச் சட்டையின் காலரைக் கொஞ்சம் தீய்த்தும்விட்டாள். விசாரணையில் அவள் முகாம் என்றுதான் சொல்லியிருந்தாள். அப்பா போட்டிருந்த அட்டையின் நிறத்தைக்கூடச் சொல்லியிருந்தாள். இப்போது அம்மா கட்டுகிற ஹோட்டல் நேராகத் தன் தலைமேலேயே வந்து விழப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. அதை அம்மாவிடம் சொல்ல ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லக் கூடாது.

அம்மா அதற்குள் மருந்துக்கடை, பேக்கரி, மாடியில் வாடகைக்கு இருக்கிற டீச்சர் என்று ஒரு சுற்றுப் போய்விட்டு வந்துவிட்டாள். அந்தத் தெருவில் அவளுக்கு இல்லை என்று சொல்ல ஆளில்லை. கல்யாணத்துக்குப் போகிற காலையில் சட்டையில் குழம்பைக் கொட்டிக்கொண்டு ஓடி வந்தவர்களைப் பொறுமையாகக் காப்பாற்றி அனுப்பியவள் அவள். எல்லோரும் தலையாட்டினார்கள். பேக்கரிக்காரர் ஒருபடி மேலே போய், “கவலைப்படாதீங்கக்கா, நான் பிரமாதமா சொல்லிடறேன்” என்றார். அப்போதே அவளுக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும்.

விசாரணைக்காரர் வந்தபோது மழை கொஞ்சம் தூறலாக இறங்கியிருந்தது. வயசானவர். தோளில் ஒரு தோல்பை, காலில் ரப்பர் செருப்பு. ஷூ நனைந்துவிட்டதால் அதைக் கழற்றித் தனிப் பையில் வைத்திருந்தார். மிரட்டுகிற ஆளாக வருவார் என்று காத்திருந்த தெருவுக்கு இவரைப் பார்த்ததும் சப்பென்று ஆகிவிட்டது. கடை கடையாக ஏறி இறங்கினார். எல்லோரிடமும் ஒரே தாழ்ந்த குரல், ஒரே கேள்வி. எங்கேயும் டீ குடிக்கவில்லை.

லாண்டரிக்குக் கடைசியாக வந்தார். தொங்குகிற போர்வைகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்தார்கள். லாண்டரிக்காரர் இரும்பை நிறுத்தாமல் சட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மகள் பின்னால் நின்று மடித்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு ஈரக் கையைத் துடைத்துத் துடைத்துத் தோலே சிவந்துவிட்டது.

“அங்க இவரு எங்கம்மா வேலை பார்த்தாரு?”

“ஹோட்டல் லாண்டரியில சார்.”

“பெரிய ஹோட்டலோ?”

“பெரிய ஹோட்டல் சார். அது வந்து...”

“ஏழு மாடி,” என்றார் அவரே.

அம்மா தலையாட்டினாள். “ஆமா சார்.”

“மருந்துக்கடையிலயும் ஏழு மாடி, டீச்சரும் ஏழு மாடி, தையல்காரரும் ஏழு மாடி. யாரும் ஆறுன்னோ எட்டுன்னோ சொல்லல. ஹோட்டல் பேரு மட்டும் எல்லாருக்கும் சேர்ந்தாப்புல மறந்துபோச்சு. நீச்சல் குளம்கூட உண்டாமே?”

நீச்சல் குளம் பேக்கரிக்காரர் தன் கையிலிருந்து போட்டது. அவள் முழித்த முழி பாவமாக இருந்தது. “உண்டு சார்” என்றாள் வேறு வழியில்லாமல்.

அவர் லாண்டரிக்காரர் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்கய்யா. ஹோட்டலா?”

லாண்டரிக்காரர் இரும்பை நிமிர்த்தி வைத்தார். மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணாலேயே கெஞ்சினாள். மகளைப் பார்த்தார். அவள் மடிப்பிலிருந்து தலை தூக்கவில்லை.

“துணி எங்க இருந்து வந்தாலும் துணிதான் சார்,” என்றார்.

விசாரணைக்காரர் எழுந்து, தேய்த்து மாட்டியிருந்த சட்டை ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். முதுகில் தோள்பட்டைத் தையலிலிருந்து கீழ்வரைக்கும் மூன்று நேர்மடிப்பு, ஸ்கேல் வைத்த மாதிரி. லாண்டரிக்காரர் கைப்பட்ட சட்டை எல்லாமே அப்படித்தான். தெருக்காரர்களுக்கு அதில் ஒரு பெருமை உண்டு. எதற்காக மூன்று என்று யாரும் கேட்டதில்லை. அவருடைய மனைவிக்கோ தினம் பார்த்துப் பார்த்து அது கண்ணிலேயே படுவதில்லை.

“இது உங்க வேலையா?”

“ஆமா சார்.”

“நானும் பட்டாளத்துல இருந்துதான் வந்தவன். நாங்க முதுகுல மடிப்பு வைக்கறதில்ல. அந்த நாட்டுக்காரங்க வைப்பாங்க. கூட்டுப் பயிற்சிக்கு வந்தப்போ பார்த்திருக்கேன். இன்னைக்குத்தான் ஒரு தெருவே அதை முதுகுல போட்டுக்கிட்டு என்கிட்ட ஹோட்டல்னு சொல்லுது.”

பாய்லர் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் பையைத் தோளில் மாட்டினார்.

“பொண்ணு எங்ககிட்ட சொன்னது ஒண்ணு, நீங்க எல்லாரும் சொல்றது ஒண்ணு. ரெண்டுல எது பொய்னு நான் எழுதியாகணும். நாளைக்கு ஒரு தடவை வருவேன். அதோட என் வேலை முடிஞ்சுது.”

அவர் போன பிறகு அம்மா முதலில் பாய்ந்தது கணவர்மேல்தான்.

“மூணு மடிப்பு! யாரு வைக்கச் சொன்னது உங்களை? ஊரு விட்டு வந்து இத்தனை வருஷம் ஆச்சு, கையை மாத்திக்க மாட்டீங்களா?”

“நீதான் பார்க்க நல்லா இருக்குன்னே,” என்றார் அவர்.

“நான் சொன்னா செஞ்சுடுவீங்களோ? ஹோட்டல்னு சொல்லுங்கன்னு சொன்னேனே, அதைச் சொன்னீங்களா?”

அவர் இரும்பின் பிளக்கைப் பிடுங்கினார். அன்று வேலை அதோடு நின்றது. கிழிந்த வானம் மறுபடி கொட்ட ஆரம்பித்திருந்தது. மேசையில் சோறும் பருப்பும் ஆளுக்கொரு முட்டையும் இருந்தன. யாரும் சரியாகத் தொடவில்லை. லாண்டரிக்காரர் முட்டையை உரித்துக்கொண்டே, அந்த வீட்டில் யாரும் கேட்டிராத அளவுக்கு நீளமாகப் பேசினார்.

“நான் அந்த வேலைக்கு வெக்கப்பட்டதே இல்ல. புழுதியும் ரத்தமுமா வரும். சுத்தமா அனுப்புவேன். போட்டுக்கிட்டு நிக்கறவனுக்கு நான் யாருன்னே தெரியாது. பாப்பா தினம் வேலிக்கு வெளிய நின்னு அவங்க அணிவகுப்பைப் பார்ப்பா. அப்பதான் அவளுக்கு இந்த ஆசையே வந்துச்சு. நீதான் அந்த முகாம் வேலையை மூடி மூடி வச்சே. மூடினதாலதான் இன்னைக்கு அது திருட்டு மாதிரி ஆயிடுச்சு.”

“எனக்காகவா மூடினேன்?” அவள் குரல் உடைந்தது. பிறகு சட்டென்று மகள் பக்கம் திரும்பினாள். “அவரு என்ன சொன்னாரு? பொண்ணு சொன்னது ஒண்ணுன்னாரே. முகாம்னே சொல்லிட்டியாடி?”

மகள் தட்டைப் பார்த்தாள்.

“சொல்லிட்டே. அதானே?”

“சொல்லக் கூடாதும்மா.”

அம்மாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மகள் உண்மையைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். இவள் கடை கடையாகப் போய் அந்த உண்மையைப் பொய்யாக்கியிருக்கிறாள். யாரோ எதிரி செய்திருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாகச் செய்திருக்க முடியாது. அவள் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தாள். தொங்குகிற துணிகளுக்கு நடுவே போய் நின்று முகத்தை ஒரு ஈரத் துண்டில் வைத்துக்கொண்டாள்.

காலையில் மறுபடி தையல்காரரிடம் போனாள். இந்தத் தடவை அவர் கண்ணாடியை ஏற்றவில்லை.

“அண்ணே, அவரு வந்தா உள்ளதைச் சொல்லிடுங்க. நான்தான் சொல்லச் சொன்னேன்னு சொல்லிடுங்க.”

“நல்லா இருக்கே. நேத்து ஏழு மாடி, இன்னைக்கு இடிச்சாச்சா? பட்டாளத்து ஆளு முன்னாடி நான் பொய்யன்னு கையெழுத்துப் போடணுமா?”

“என் பொண்ணு வாழ்க்கைண்ணே.”

“எனக்கும் பொண்ணு இருக்கும்மா. உன் பேச்சைக் கேட்டு, அந்த ஆளு முன்னாடி திருடன் மாதிரி நின்னேன். என் முதுகைத் திருப்பச் சொன்னாரு, தெரியுமா? இந்த வயசுல ஒருத்தர் என் சட்டையைப் பார்க்கத் திரும்பி நிக்கறேன்.”

அவள் அடுத்த கடைக்கு நடந்தாள். மருந்துக்கடைக்காரர் உள்ளே வேலை இருப்பதுபோலப் போய்விட்டார். டீச்சர் மாடியிலிருந்து இறங்கவே இல்லை. பேக்கரிக்காரர் மட்டும், “நீச்சல் குளத்தை மட்டும் வாபஸ் வாங்கிக்கறேன்கா, மத்தது நீங்க சொன்னது” என்றார். சிரிக்கிற நிலைமையில் அவள் இல்லை. யாரையும் குற்றம் சொல்லவும் முடியவில்லை. நல்லவர்களைக் கூட்டி நிறுத்தி நாலு பேர் நடுவே அசிங்கப்படுத்தியது அவள்தான்.

விசாரணைக்காரர் வந்தபோது அவள் ஸ்டூலை எடுத்துப் போட்டுவிட்டு நேராக எதிரில் நின்றாள். பயத்தில் வார்த்தை ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வந்தது.

“ஹோட்டல் இல்ல சார். மாடியும் இல்ல, குளமும் இல்ல. முகாம் லாண்டரிதான். தெருவுல எல்லாருக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அவங்க மேல தப்பு இல்ல. இவர் மேலயும் இல்ல. என் பொண்ணு உங்ககிட்ட என்ன சொன்னாளோ, அதுதான் உண்மை. அவ என்ன சொன்னான்னு எனக்குத் தெரியாது, இருந்தாலும் அதுதான் உண்மை.”

அவர் எழுதிக்கொண்டார். “ஏன்மா இப்படிப் பண்ணினீங்க?”

“பயம் சார். வேற என்ன?”

“முகாம்ல வேலை பார்த்ததுக்காக யாரையும் தள்ளறதில்லைம்மா. மறைச்சாத்தான் தள்ளுவோம்.” பேனாவை நிறுத்தினார். “இப்ப ஒரு கேள்விதான் பாக்கி. நீங்க தெருவுக்குச் சொல்லிக் கொடுத்தது உங்க பொண்ணுக்குத் தெரியுமா? தெரியாதுன்னா இதை உங்களோட முடிச்சுக்கறேன். தெரிஞ்சும் சும்மா இருந்தான்னா அது வேற கணக்கு.”

“தெரியாது சார்,” என்றாள் அம்மா, யோசிக்கவே இல்லை. “சத்தியமா தெரியாது. அவ காலையில ஓடப் போவா, வந்து வேலை பார்ப்பா. ஒண்ணுமே தெரியாது அவளுக்கு.”

“தெரியும் சார்.”

போர்வைக்குப் பின்னால் இருந்து மகள் வந்தாள். கையில் பாதி மடித்த விரிப்பு. அம்மா அவளைப் பார்த்த பார்வையில் கோபமும் கெஞ்சலும் சரிபாதி.

“தையல் கடையில அம்மா பேசினதை நான் கேட்டேன். வேண்டாம்னு சொன்னேன். கேக்கல.”

“எங்ககிட்ட ஏன் வந்து சொல்லல?”

“வந்து சொன்னா எங்க அம்மா பொய் சொல்றாங்கன்னு சொல்லணும். நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நானா வந்து சொல்ல மனசு வரல.”

“அது தப்புன்னு தெரியுமா?”

“தெரியும் சார்.”

“இப்ப நீ இதைச் சொன்னதால எல்லாம் போனாலும் போகும். அதுவும் தெரியுமா?”

“தெரியும் சார்.” அவள் குரல் நடுங்கியது. ஆனால் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

விசாரணைக்காரர் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். அவருக்கும் வருத்தமாக இருந்தது போலிருக்கிறது. அம்மாவைப் பார்த்துச் சலித்துக்கொண்டார்.

“ஒரே வீட்டுல இருக்கீங்க. அங்க என்னம்மா சொன்னேன்னு ஒரு வார்த்தை இவளைக் கேட்டிருந்தா இவ்வளவும் நடந்திருக்காதே. கேக்க மாட்டீங்களா?”

அதுதான் அவளைக் கிளப்பிவிட்டது. ராத்திரி முழுக்க அடக்கி வைத்திருந்தது மொத்தமும் வெளியே வந்தது.

“கேக்கலையா? நானா கேக்கல? சோறு போடறப்போ கேட்டேன். தலைக்கு எண்ணெய் வைக்கறப்போ கேட்டேன். திட்டிக் கேட்டேன், அழுது கேட்டேன், ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாம கிடந்து கேட்டேன். ரெண்டு மாசமா சார். சொல்லக் கூடாதும்மா, சொல்லக் கூடாதும்மா, இது ஒண்ணுதான் வாயில வரும். நேத்து சாயங்காலம் எல்லாம் முழுகிப்போச்சுன்னு தெரிஞ்சும் கேட்டேன். அப்பவும் அதேதான். பெத்தவ நான் கண்ணு முன்னாடி துடிக்கறேன். வாயைத் திறக்கல சார் இவ. என்கிட்டயே சொல்லாதவ நாளைக்கு வேற யார்கிட்ட சொல்லுவா? இந்தக் கல்லை நான் எப்படிப் பெத்தேன்னே எனக்குத் தெரியல.”

மூச்சு வாங்க நிறுத்தினாள். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வழிந்தது.

விசாரணைக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“இதை நீங்க சொன்னபடியே எழுதிக்கலாமாம்மா?”

“எழுதுங்க. நல்லா எழுதுங்க. ஒரு வார்த்தை விடாம எழுதுங்க.”

அவர் குனிந்து எழுதினார். லாண்டரிக்காரர் இரும்பை நிறுத்திவிட்டு, தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார். மனைவிக்கு எரிச்சலாக இருந்தது. “என்ன சிரிப்பு இப்ப?” என்றாள். அவர் மகளைக் காட்டினார். மகள் விரிப்பை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அப்போதுதான் தான் என்ன சொன்னோம் என்பது அந்த அம்மாளுக்கு உறைத்தது. சொல்லிக் கொடுத்த சாட்சியெல்லாம் வீணாகப் போனது. வயிற்றெரிச்சலில் கொட்டியது சாட்சியாக நின்றது.

“ரெண்டு நாள்ல இந்தத் தெருவுல யாரும் சொல்லிக் கொடுக்காம வந்த பேச்சு இது ஒண்ணுதான்,” என்றார் விசாரணைக்காரர், பையை மூடிக்கொண்டே. “முடிவு என் கையில இல்ல. ஆனா இதைப் படிக்கறவங்களும் புள்ளை பெத்தவங்கதான்.”

மழை விட்டு மாடிக்கொடிக்குத் துணி ஏறிய வாரத்தில் அழைப்பு வந்தது. ஓட்டக்காரி போய்விட்டாள். தையல்காரர் கோபம் தணிந்து, பெட்டிக்கு ஒரு உறை தைத்துக் கொடுத்தார். பேக்கரிக்காரர் வழிக்கு ரொட்டி கட்டிக் கொடுத்தார். அம்மா ஸ்டேஷன் வரை போய், ரயில் போன பிறகும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

பயிற்சி முடிந்து எங்கேயோ போட்டார்கள். வாரத்துக்கு ஒரு தடவை போன் வரும். அம்மா கடை வாசலுக்கு வந்து, தெருவுக்கே கேட்கிற குரலில் பேசுவாள்.

“எந்த ஊருடி அது?”

“சொல்லக் கூடாதும்மா.”

“அங்க என்னதான் வேலை உனக்கு?”

“அதுவும் சொல்லக் கூடாது.”

“கூட யாராவது நம்ம பொண்ணுங்க இருக்காங்களா?”

“அம்மா...” என்று மகள் இழுத்தாள். அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“என்ன சாப்பிட்டே? அதையாவது சொல்லலாமாடி?”

அந்தப் பக்கம் கொஞ்சம் யோசனை. நிஜமாகவே யோசிக்கிறாள் என்று அம்மாவுக்குத் தெரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

“அதைச் சொல்லலாம்மா. சோறு, பருப்பு. ஒரு முட்டை.”

போனை வைத்ததும் அவள் தையல் கடைக்குப் போனாள். அங்கிருந்து மருந்துக்கடை, பேக்கரி. மாடி டீச்சரையும் கூப்பிட்டுச் சொன்னாள்.

“சோறும் பருப்பும் சாப்பிட்டாளாம். முட்டை கொடுத்திருக்காங்க.”